‘இன்ஜினை இறக்கிரலாம்’ என்று சொன்ன பழைய பிக்கப்: ஒவ்வொரு கோளாறாகப் பிரித்துப் பார்த்தது

வண்டி 2007 மாடல் பிக்கப். இரண்டரை லிட்டர், நான்கு சிலிண்டர், டர்போ வைத்த டிஐ (டீசலை நேராகச் சிலிண்டருக்குள் தெளிக்கும்) டீசல். கம்ப்யூட்டர், சென்சார் எதுவும் கிடையாது. ஒரு ரோட்டரி பம்ப், டீசலைத் தெளிக்கும் நாலு நாசில், அவ்வளவுதான். பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் லோடு அடித்த வண்டி. மீட்டர் 2,87,000-இல் நின்றுபோயிருக்கிறது. கேபிள் எப்போது அறுந்தது என்று விற்றவருக்கே தெரியவில்லை. பிரேக் பெடலில் ரப்பர் தேய்ந்து இரும்பு பளபளக்கிறது. அதைப் பார்த்தால் நாலு லட்சத்துக்குக் குறையாமல் ஓடியிருக்கும். தோட்டத்து வேலைக்கும் ஆகும், ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்பேனர் பிடிக்கவும் ஆகும் என்று வாங்கியது.

குறைகள் மூன்று. காலையில் செல்ஃப் நீளமாக அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகும். ஆகும்போது வாசல் முழுக்க வெள்ளைப் புகை. சூடாகும்வரை ஐடிலில் மிஸ்ஸிங் (ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரியாத தடுமாற்றம்), கேபினே உதறும். அப்புறம், மேடு ஏறும்போது இழுவை இல்லை, கருப்புப் புகை, கூடவே டெம்பரேச்சர் முள்ளும் ஏறுகிறது. ஊரில் இரண்டு மெக்கானிக்குகள் பார்த்தார்கள். இருவரும் புகையைப் பார்த்ததோடு முடித்துக்கொண்டார்கள். “இன்ஜின் வேலை வந்துருச்சுங்க. ரிங், லைனர், பேரிங் எல்லாம் மாத்தோணும். இறக்கிரலாம்.” வண்டி வாங்கிய காசில் பாதிக்கு மேல் அதற்குப் போய்விடும்.

அவர்கள் சொன்னது பொய் என்று நான் சொல்ல வரவில்லை. நாலு லட்சம் ஓடிய இன்ஜினில் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் தேய்ந்திருக்கத்தான் செய்யும். ஆனால் இந்த மூன்று குறைகளுக்கும் ஒரே காரணம்தான் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. இவ்வளவு வயதான வண்டியில் பத்துச் சின்னக் கோளாறுகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கும். மூன்றையும் தனித்தனியாக எடுத்து, செலவில்லாத சோதனையிலிருந்து ஆரம்பித்தேன்.

முதலில் பேட்டரி. டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது; அழுத்தப்பட்ட காற்றின் சூட்டில்தான் டீசல் பற்ற வேண்டும். இன்ஜின் மெதுவாகச் சுற்றினால் அந்தச் சூடு வராது. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி முனையில் மல்டிமீட்டர் வைத்தால் 10.4 வோல்ட். 9.6-க்குக் கீழே போகாதவரை கவலையில்லை. ஆனால் பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவில் அளந்தபோது 1.3 வோல்ட் காட்டியது. அது அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாது. எர்த் ஒயர் போல்ட்டின் அடியில் துருவும் பெயின்ட்டும். சுரண்டி, புது ஒயர் போட்டதும் செல்ஃப் சத்தமே மாறிவிட்டது. ஸ்டார்டிங் கொஞ்சம் தேறியது, ஆனால் சரியாகவில்லை.

அடுத்து, இன்ஜின் உண்மையிலேயே எவ்வளவு மோசம் என்று பார்க்க வேண்டும். ஐடிலில் ஓடும்போது ஆயில் மூடியைக் கழற்றி, தலைகீழாக அதே ஓட்டைமேல் வைத்தேன். ரிங் போன இன்ஜினில் பேக் கம்ப்ரஷன் (பிஸ்டனைத் தாண்டிக் கீழே கசியும் காற்று) அதைத் தூக்கி எறியும். இதில் லேசாக நடுங்கியது, விழவில்லை. டிப் ஸ்டிக்கைத் தொட்டு முகர்ந்தேன்: டீசல் வாடை இல்லை, ஆயில் மட்டமும் ஏறவில்லை. ரேடியேட்டர் மூடி திறந்து, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்து பார்த்ததில் குமிழி வரவில்லை. வெள்ளைப் புகையில் கையைக் காட்டி முகர்ந்தால் கண் எரிகிற பச்சை டீசல் வாடை. கூலன்ட் எரிந்தால் வருகிற இனிப்பு வாடை இல்லை. ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள சீல்) மேல் இருந்த சந்தேகம் அத்தோடு குறைந்தது. புகை என்பது எரியாமல் வெளியேறும் டீசல்தான்.

இனி காலை ஸ்டார்டிங். இதற்கு நான் கண்ட மிகச் சுலபமான சோதனை: ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் செல்ஃப் அடிக்கும் முன், டீசல் ஃபில்டர் மேலிருக்கும் கை பிரைமரை (டீசலைக் கையால் ஏற்றும் சின்ன பம்ப்) அழுத்திப் பார்ப்பது. நல்ல வண்டியில் ஓரிரு அழுத்தலிலேயே கல் மாதிரி இறுகிவிடும். என்னுடையது கொழகொழவென்று உள்ளே போய்க்கொண்டே இருந்தது. இறுகும்வரை அழுத்திவிட்டுச் சாவியைத் திருப்பினால் உடனே பிடித்துக்கொண்டது. கம்ப்ரஷன் (சிலிண்டர் காற்றை அழுத்தும் பலம்) குறைந்ததுதான் காரணம் என்றால் பிரைமரை அழுத்தி என்ன பயன்? ராத்திரியில் லைனில் இருக்கும் டீசல் டேங்குக்கே இறங்கிவிடுகிறது. எங்கேயோ ஏர் எடுக்கிறது.

எங்கே என்பதுதான் கேள்வி, ஏனென்றால் தரையில் ஒரு சொட்டு டீசல்கூட இல்லை. இந்த வகை ரோட்டரி பம்ப் டேங்கிலிருந்து டீசலைத் தானே உறிஞ்சுகிறது. உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். கசிவைக் கண்ணால் தேடினால் கிடைக்காது. ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் ஒரு முழம் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயைப் போட்டேன். ஓடவிட்டால் சின்னச் சின்னக் குமிழிகள் வரிசையாகப் போகின்றன. அடுத்து, டேங்க் லைனைக் கழற்றிவிட்டு, ஒரு பாட்டிலில் டீசல் ஊற்றி ஃபில்டருக்குக் கொடுத்தேன். அப்போதும் குமிழி. அப்படியென்றால் டேங்கும் நீண்ட பைப்பும் குற்றவாளி இல்லை. ஃபில்டரைத் தாண்டி நேரடியாகப் பம்புக்கே கொடுத்ததும் குமிழி நின்றது. ஃபில்டர் ஹெட்டில் பிரைமரின் ரப்பர் ஓ-ரிங் சுருங்கி, நகம் பட்டாலே உடைகிறது. நாசில்களின் மேலே ஓடும் மெல்லிய ரிட்டர்ன் குழாய்களிலும் வெடிப்பு. இரண்டையும் மாற்றினேன், செலவு ஒரு சாயங்கால டிபனுக்குப் பக்கம்தான்.

இந்த ரப்பர் விஷயம் பழைய டீசல் வண்டி வைத்திருக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது. எங்கள் பக்கம் இந்த வண்டி புதிதாக வந்த காலம் பிஎஸ் 2 (பாரத் ஸ்டேஜ் என்ற புகை விதி). அப்போது டீசலில் கந்தகம் 500 பிபிஎம் (பத்து லட்சத்தில் 500 பங்கு) வரை இருக்கலாம். 2017 ஏப்ரலில் நாடு முழுக்க பிஎஸ் 4 வந்தபோது அது 50 ஆனது, 2020 ஏப்ரலில் பிஎஸ் 6-உடன் 10 ஆனது. காற்றுக்கு நல்லதுதான். ஆனால் கந்தகத்தை நீக்கும்போது டீசலில் உள்ள அரோமேட்டிக் பொருட்களும் குறைகின்றன. பழைய நைட்ரைல் ரப்பர் அவற்றை உறிஞ்சிக் கொஞ்சம் உப்பித்தான் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். அவை குறைந்தால் சுருங்கும், அதுவும் வயதான ரப்பர் என்றால் இன்னும் வேகமாக. மாற்றும்போது வைட்டான் ரப்பராகக் கேட்டு வாங்கினேன்.

ஸ்டார்டிங் சரியானது. மிஸ்ஸிங் அப்படியே இருந்தது.

எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிக்க, ஐடிலில் ஓடவிட்டு நாசிலில் சேரும் ஸ்டீல் பைப்பின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்த வேண்டும். வேலை செய்யும் சிலிண்டரைத் தளர்த்தினால் ஐடில் தொப்பென்று விழும். மூன்றாவதைத் தளர்த்தியபோது எந்த மாற்றமும் இல்லை. ஒரு எச்சரிக்கை: இதை என் மாதிரிப் பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டியில் மட்டும்தான் செய்யலாம். அதிலும் கையுறை, கண்ணாடி, நட்டைச் சுற்றித் துணி வேண்டும். காமன் ரயில் (கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் புது வகை டீசல்) வண்டியில் அழுத்தம் 1,000 பாருக்கு மேலும் போகும். அதில் நட்டைத் தொட்டால் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும், ஆபரேஷன் வரை போகும். காமன் ரயிலில் இந்த வேலையே வேண்டாம்.

மூன்றாவது நாசிலைக் கழற்றி ஒன்றாவது இடத்தில் போட்டு, ஒன்றாவதை இங்கே மாற்றினேன், புதுக் காப்பர் வாஷரோடு. நாசில் கெட்டிருந்தால் மிஸ்ஸிங் ஒன்றாவதுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை, மூன்றாவதிலேயே உட்கார்ந்திருக்கிறது. நாசில் டெஸ்ட் செய்யும் கடையில் நான்கையும் கொடுத்தபோதும் ஸ்ப்ரே ஒழுங்காகவே இருந்தது.

அப்போ கம்ப்ரஷன். இதற்கு டீசல் கேஜ் வேண்டும். பெட்ரோல் வண்டிக்கு வைத்திருப்பது இந்த அழுத்தத்தைத் தாங்காது. பம்பின் ஸ்டாப் சொலினாய்டு ஒயரைக் கழற்றி டீசலை நிறுத்தி, எல்லா நாசிலையும் எடுத்துவிட்டு, ஒவ்வொரு சிலிண்டராகச் செல்ஃப் அடித்து அளந்தேன். 395, 390, 280, 400 பிஎஸ்ஐ. நானூறைத் தொடும் மூன்று சிலிண்டர்கள், நாலு லட்சம் ஓடிய இன்ஜினுக்கு மோசமே இல்லை. மூன்றாவதுதான் விழுந்துகிடக்கிறது.

இங்கேதான் ‘ரிங் போச்சு’ என்று முடிவு கட்டுவார்கள். கொஞ்சம் ஆயில் ஊற்றி மறுபடி அளக்கும் பழக்கம் உண்டு; கம்ப்ரஷன் ஏறினால் ரிங் என்று அர்த்தம். டிஐ டீசலில் அதை நான் நம்புவதில்லை. பிஸ்டன் தலையில் குழி இருப்பதால் ஆயில் ரிங்குக்குப் போகாமல் குழியிலேயே தங்கும். அதிகம் ஊற்றினால் அழுத்த முடியாத திரவம் நிரம்பி கனெக்டிங் ராடே வளையலாம். அதற்குப் பதில் வண்டியைப் பஞ்சர் கடைக்கு ஓட்டிப் போனேன். அங்கே மூன்றாவது பிஸ்டனைக் கம்ப்ரஷன் உச்சியில் நிறுத்தி, டாப் கியர் போட்டு, ஹேண்ட் பிரேக்கும் இழுத்து, நாசில் ஓட்டை வழியாகக் கம்ப்ரஷர் காற்றைக் கொடுத்தோம். சத்தம் எங்கே வருகிறதோ அதை வைத்துக் கசிவு தெரியும்: ஆயில் மூடி என்றால் ரிங், ஏர் கிளீனர் என்றால் இன்லெட் வால்வு, ரேடியேட்டர் என்றால் ஹெட் கேஸ்கெட், சைலன்சர் என்றால் எக்ஸாஸ்ட் வால்வு. ஆயில் மூடியில் காது வைத்தால் லேசான சத்தம். ஏர் கிளீனர் குழாயில் ஒன்றுமில்லை. ரேடியேட்டரில் குமிழி இல்லை. சைலன்சர் வாயில் ‘புஸ்ஸ்’ என்று தெளிவாகக் கேட்டது. கடைக்காரர் தம்பி, “அண்ணா, டயர் லீக் பாக்கற மாதிரியே இருக்குதுங்ணா” என்றான். அதேதான். ரிங் அல்ல, எக்ஸாஸ்ட் வால்வு.

வால்வு மூடவில்லை என்றால் முகம் எரிந்திருக்கலாம், இல்லை டேப்பட் கேப் (வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவில் விடும் இடைவெளி) இல்லாமல் இருக்கலாம். பலர் டேப்பட் தளர்ந்து ‘டிக் டிக்’ சத்தம் வந்தால்தான் கவனிப்பார்கள். ஆபத்தானது அமைதியான டேப்பட். ஓட ஓட வால்வு சீட் தேய்ந்து வால்வு மேலே ஏறுகிறது; கேப் குறைந்துகொண்டே போய் ஒரு நாள் பூஜ்யமாகும். அப்புறம் ராக்கர் வால்வை முழுசாக மூடவே விடாது. ராக்கர் கவரைத் திறந்தேன். ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2 என்பதால், இரண்டாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் மூட, இன்லெட் திறக்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்தினால் மூன்றாவதின் இரண்டு வால்வும் மூடியிருக்கும். அந்த நிலையில் மூன்றாவது எக்ஸாஸ்ட் ராக்கரின் அடியில் என் ஃபீலர் கேஜின் மிக மெல்லிய தகடுகூட நுழையவில்லை. மற்ற எக்ஸாஸ்ட்களும் கையேட்டு அளவைவிட இறுக்கமே. எட்டையும் குளிர்ந்த நிலையில் கையேட்டுப்படி வைத்து, கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு மறுபடி அளந்தேன். மூன்றாவது 350. மிஸ்ஸிங் பெரும்பாலும் போய்விட்டது. குளிர்ந்த நேரத்தில் மட்டும் ஒரு சின்ன நடுக்கம், அதுவும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடுகிறது.

மேடு ஏறும் பிரச்சினை இதற்கெல்லாம் சம்பந்தமே இல்லாதது. கருப்புப் புகை என்றால் டீசலுக்கேற்ற காற்று இல்லை. எங்கள் ஊரில் முதலில் பார்க்க வேண்டியது தென்னை நார்த் தூசி. ஏர் ஃபில்டரைத் தட்டினால் ஒரு கை தூள் கொட்டியது. ரேடியேட்டருக்கும், அதன் முன்னால் டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும் நடுவில் நாரும் தூளும் ஈரமாகி அட்டை மாதிரி படிந்திருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் சுத்தமாகத்தான் தெரியும். இன்டர்கூலரைத் தள்ளிவைத்து, இன்ஜின் பக்கமிருந்து தண்ணீர் அடித்தேன். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கத்தில், கிளிப்புக்கு ஒட்டி ஒரு கீறல். சுற்றிலும் ஆயில் கசிவுத் தடம். ஐடிலில் வாய் மூடிக்கிடந்து, டர்போ அழுத்தம் வந்ததும் பிளந்து காற்றை வெளியே விடும் கீறல் அது. ஹோஸ் மாற்றினேன். வண்டியைக் காட்டியபோது, முன்பு யாரோ இழுவைக்காக பம்பில் டீசல் அளவைக் கூட்டும் ஸ்க்ரூவை ஏற்றிவைத்திருக்கிறார்கள் என்று பம்ப் கடைக்காரர் சொன்னார். பழைய சீல் உடைந்திருந்தது. அதைக் குறைத்து வைத்தோம். ஓட்டை ஹோஸை வைத்துக்கொண்டு டீசலை ஏற்றினால் புகைதானே வரும்.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். சோதனைக்கு அதைவிட நல்ல ரோடு பக்கத்தில் இல்லை. பாதி லோடோடு ஏறிப் பார்த்ததில் முள் நடுவில் நின்றது. இரண்டாவது கியரில் மிதித்தபோது மட்டும் லேசாகப் புகை.

பாக்கி இருப்பது: மூன்றாவது எக்ஸாஸ்ட் வால்வின் முகம் கொஞ்சம் எரிந்திருக்கிறது, இல்லையென்றால் 350-இல் நிற்காது. அதன் டேப்பட்டை அடுத்த ஆயில் மாற்றும்போது மறுபடி அளக்க வேண்டும். கேப் மீண்டும் குறைந்திருந்தால் சீட் இன்னும் தேய்கிறது என்று அர்த்தம், அப்போது ஹெட்டை மட்டும் கழற்றி வால்வு கிரைண்டிங் கொடுத்துவிடலாம். பம்பின் த்ராட்டில் ஷாஃப்ட்டில் லேசான ஈரம் தெரிகிறது. அங்கேயும் அதே பழைய ஓ-ரிங்தான் இருக்கும். சீல் கிட் வாங்கி வைத்திருக்கிறேன். ஆயில் இப்போதும் கொஞ்சம் குடிக்கிறது, ஆயிரம் கிலோமீட்டருக்குக் கால் லிட்டர் போல. அதற்காக இன்ஜினை இறக்குவதாக இல்லை.