கால்கரி கராஜ்ல லித்தியம் பேட்டரி: குளிர்கால டைரி

நவம்பர் 8

பனி கொட்ட ஆரம்பிச்சாச்சு, இனி ஏப்ரல் வரைக்கும் இந்த டைரி ஓடும். புதுசா படிக்கிறவங்களுக்கு: வீட்டுக்குப் பின்னாடி சந்துப் பக்கம் தனியா நிக்கிற கராஜ், ஹீட்டிங் கிடையாது, அதுக்குள்ள 280 ஆம்பியர் அவர் எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) செல் 16 எண்ணத்த சீரிஸ்ல போட்டு நானே கட்டின 51.2 வோல்ட் பேட்டரி, 14 யூனிட் சொச்சம் தாங்கும், சோலார் பேனல்ல சார்ஜ் ஆகும். எதுக்குடா இந்த வேண்டாத வேலைன்னு ஊர்ல மாமா இன்னும் கேக்குறாரு. 2024 ஜனவரி 13 சனிக்கிழமை சாயங்காலம் கனடால எங்க ஆல்பர்ட்டா மாகாணம் பூரா எல்லார் போனும் ஒரே நேரத்துல அலறுச்சு, கிரிட் தாங்கல, தேவையில்லாததெல்லாம் அணைங்கன்னு. அப்போ அடிச்ச குளிருக்கு கரண்ட் போயிருந்தா என்ன ஆகும்? வீட்ட சூடாக்குற ஃபர்னஸ் கேஸ்ல எரிஞ்சாலும் அதோட ஃபேன் கரண்ட்லதானே சுத்துது. அன்னிக்கு முடிவு பண்ணது.

பேஸ்மென்ட்ல வைக்க வேண்டியதானேன்னு கேப்பீங்க. பேட்டரிக்கு அதுதான் சுகமான இடம், ஒத்துக்குறேன். ஆனா தூங்குற ரூமுக்குக் கீழ கையால கட்டின 14 யூனிட்ட வைக்க எனக்கும் மனசு வரல, வீட்டுல அவங்களும் சுத்தமா முடியாதுன்னுட்டாங்க.

நவம்பர் 10

குளிர்ல பேட்டரி கெட்டுடுமான்னு கேட்டா, சும்மா கிடந்தா கெடாது. மைனஸ் 20ல கரண்ட் எடுத்தாலும் பெருசா ஒண்ணும் ஆகாது, கொஞ்சம் சோம்பலா குடுக்கும் அவ்ளோதான். ஜீரோவுக்குக் கீழ சார்ஜ் ஏத்துறதுதான் ஆபத்து. சார்ஜ் ஆகும்போது லித்தியம் அயனி கிராஃபைட் அடுக்குக்குள்ள போயி உக்காரணும், குளிர்ல அது உள்ள நுழையிற வேகம் குறைஞ்சுடுது, பின்னாடி வர்றது வந்துக்கிட்டே இருக்கும், இடம் கிடைக்காம மேல்பரப்புலயே உலோகமா படிஞ்சுடும். படிஞ்சதுல ஒரு பங்கு திரும்பாது, கெபாசிட்டி போனது போனதுதான். அது ஊசி மாதிரி வளர்ந்து செல்லுக்குள்ள ரெண்டு முனையையும் பிரிக்கிற செப்பரேட்டர் சவ்வ குத்துனா உள்ளயே ஷார்ட். இதுல கொடுமை என்னன்னா வோல்டேஜ் பாத்தா எல்லாம் நார்மலா தெரியும், சத்தம் போடாம சாகும்.

ஜீரோவ தாண்டின உடனே முழு வேகத்துல ஏத்தலாம்னும் இல்ல. 10 டிகிரி வரைக்கும் கரண்ட குறைச்சு மெதுவா ஏத்துறதுதான் நல்லது.

நவம்பர் 16

பெட்டி வேலை. 2 இன்ச் எக்ஸ்பிஎஸ் ஃபோம் ஷீட்டு, சூட்ட தடுக்கிற அளவு ஆர் 10. ஆறு பக்கமும் போட்டாச்சு, முக்கியமா அடியில. கான்கிரீட் தரை சூட்ட உறிஞ்சுற மாதிரி காத்து கூட உறிஞ்சாது, நிறைய பேரு மேல மட்டும் போர்வைய போத்திட்டு அடிப்பக்கத்த மறந்துடுறாங்க. ஃபோம் தீப்பிடிக்கிற சாமான், அதனால உள்பக்கம் பூரா சிமெண்ட் போர்டு.

அடியில ஃபோம், அதுக்கு மேல சிமெண்ட் போர்டு, அதுக்கு மேல 3 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு, தகட்டோட அடிப்பக்கத்துல சிலிக்கோன் ஹீட்டர் பேட் நாலு, மொத்தம் 100 வாட். பேட் ஒட்டுறதுக்கு முன்னாடி தகட்ட ஆல்கஹால் போட்டு தொடைச்சு, நடுவுல இருந்து ஓரத்துக்கு ரோலர் வச்சு தேய்ச்சு ஒட்டணும். ஒரு காத்துக் குமிழி இருந்தா கூட அந்த இடத்துல சூடு போக வழியில்லாம பேட் கருகிடும். பேட்ட நேரா செல் மேல ஒட்டுற வீடியோ எல்லாம் பாத்தேன், எனக்குப் பிடிக்கல. ஒரு ஓரம் வேகும், இன்னொரு ஓரம் விறைக்கும். தகடு இருந்தா சூடு பரவி 16 செல்லுக்கும் அடியில இருந்து ஒரே மாதிரி ஏறும்.

பேட் எல்லாம் 48 வோல்ட், இன்வெர்ட்டர் தயவு இல்லாம பேட்டரியில இருந்தே நேரா ஓடும். குளிர்ல டிஸ்சார்ஜ் பண்ணலாம்ல, அதனால தன்னையே சூடு பண்ணிக்கும். தனி ஃபியூஸ், தெர்மோஸ்டாட் 8 டிகிரியில ஆன் 12ல ஆஃப், அதோட சீரிஸ்ல 50 டிகிரியில பிரியிற ஒரு தெர்மல் கட்ஆஃப். தெர்மோஸ்டாட்டோட ரிலே ஆன்லயே ஒட்டிக்கிட்டா இந்தச் சின்ன சாமான்தான் காப்பாத்தும், இத விட்டுட்டு ஹீட்டர் போடாதீங்க.

நவம்பர் 30

டெஸ்ட். ராத்திரி 10 மணிக்கு செல் 15 டிகிரி, ஹீட்டர ஆஃப் பண்ணேன், கராஜ் மைனஸ் 18. காலைல 7 மணிக்கு 2 டிகிரி. ஒரு ராத்திரி தாண்டுது, ஆனா மயிரிழையில.

கணக்கு பாத்தேன். செல் ஒண்ணு அஞ்சரை கிலோ கிட்ட, மொத்தம் 86 கிலோ, ஒரு டிகிரி ஏத்த சுமார் 24 வாட் அவர். பெட்டி வழியா வெளிய போற சூடு, வெளில மைனஸ் 20 உள்ள பிளஸ் 10ன்னா, ஏறக்குறைய 40 வாட். நாள் பூரா அப்படியே வச்சிருந்தா தினம் ஒரு யூனிட் ஹீட்டருக்கே.

டிசம்பர் 14

ஒரு யூனிட் என்ன பெருசான்னு ஜூலைல கேக்கலாம். இங்க டிசம்பர்ல கேக்க முடியாது. 51 டிகிரி அட்சரேகை, டிசம்பர் 21 மத்தியானம் சூரியன் அடிவானத்துல இருந்து 16 டிகிரி கூட ஏறாது, பகல் எட்டு மணி நேரம் கூட இல்ல. பேனல் மேல பனி கிடந்தா அதுவும் இல்ல.

அதனால திட்டத்த மாத்திட்டேன். நாள் பூரா சூடா வைக்க வேண்டாம், சார்ஜ் ஏறப்போற நேரத்துக்கு சூடா இருந்தா போதும். வெயில் இல்லாத நாள்னு தெரிஞ்சா பேட்டரி பாட்டுக்கு மைனஸ் 10 வரைக்கும் போகட்டும். மறுநாள் வெயில்னா ராத்திரி 3 மணிக்கு ஹீட்டர் ஆன், 100 வாட்ல ஒழுகுறது போக மிச்சம் 70 சொச்சம்தான் செல்லுக்குப் போகுது, மைனஸ் 10ல இருந்து 8க்கு வர ஆறு மணி நேரம். பேனல் முழிக்கிற நேரத்துக்கு பேட்டரி ரெடி. ஃபோம இன்னொரு 2 இன்ச் ஏத்துனா ஒழுகல் பாதியாகும், வாங்கி வச்சிருக்கேன், வெளில நின்னு வெட்டதான் விரல் ஒத்துழைக்கல.

டிசம்பர் 22

பேட்டரிய மட்டும் பாத்துட்டு பேனல மறந்துடாதீங்க. குளிர்ல பேனல் வோல்டேஜ் ஏறும், டிகிரிக்கு 0.27 சதவீதம் மாதிரி. மைனஸ் 30ல 15 சதவீதம் கூட. 49 வோல்ட் பேனல் மூணு சீரிஸ்ல போட்டா லேபிள் கணக்குக்கு 147, குளிர் காலைல 169. பேனல்ல இருந்து பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துற கண்ட்ரோலர் 150 வோல்ட்தான் தாங்கும்னா அங்கயே காலி. என்னோடது ரெண்டு ரெண்டா.

ஜனவரி 6

இன்னிக்கு சினூக். ராக்கீஸ் மலைல இருந்து இறங்குற வறண்ட சூட்டுக் காத்து, காலைல மைனஸ் 22, மத்தியானம் பிளஸ் 7, மேற்குல அந்த வளைவு மேகம், ஊரே ஜாக்கெட்ட கழட்டிட்டு வாக்கிங் போகுது. பேட்டரிக்கு இந்த மாதிரி நாள்தான் எமன்.

பக்கத்து ஊர் ஏர்ட்ரில இருக்கிற தம்பி போன் பண்ணான், அவன் பேட்டரி தோட்டத்து ஷெட்ல, இன்சுலேஷன் கிடையாது. "அண்ணே, 7 டிகிரி வந்துருச்சு, வெயில் பளபளன்னு அடிக்குது, குளிர்ல சார்ஜ நிறுத்துற லோ டெம்ப் கட்ஆஃப தூக்கிடவா? பேட்டரி 20 பர்சன்ட்ல நிக்குது." சென்சார் எங்கடா இருக்குன்னேன். கண்ட்ரோலருக்குள்ளயே இருக்குண்ணேங்கிறான், அதாவது செவுத்துல. "மீட்டரோட வந்த டெம்பரேச்சர் புரோப எடு, ரெண்டு செல்லுக்கு நடுவுல சொருகி, கால் மணி நேரம் கழிச்சு சொல்லு." மைனஸ் 9. ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த மாவு சட்டி மாதிரிதான், கிச்சன் எவ்ளோ வெக்கையா இருந்தாலும் நடுமாவு சில்லுனு இருக்கும். அவன் மட்டும் கட்ஆஃப தூக்கியிருந்தா பேனல் முழு பலத்தோட விறைச்ச செல்லுக்குள்ள ஏத்தியிருக்கும்.

ராத்திரி காப்பாத்துற அதே கனம்தான் பகல்ல லேசுல சூடாக விடாது. அதனால காத்தோட டிகிரி எனக்கு வேண்டவே வேண்டாம். பிஎம்எஸ்ல (செல்லுகள கண்காணிச்சு ஆபத்துன்னா வெட்டிவிடுற போர்டு) ரெண்டு சென்சார், ஒண்ணு கதவுப் பக்கம் மூலைல இருக்கிற செல்லோட உடம்புல, அதுதான் எப்பவும் ஆக குளிர்ந்தது, இன்னொண்ணு நடு செல்ல. செல்லுகள இணைக்கிற உலோகப் பட்டையான பஸ்பார்ல ஒட்டாதீங்க, கரண்ட் ஓடுனா அது தனியா சூடாகி பொய் சொல்லும். தகட்டுக்குப் பக்கத்துலயும் வேண்டாம்.

இன்னொண்ணு, கண்ட்ரோலர் 5 டிகிரியில தானா சார்ஜ நிறுத்தணும், பிஎம்எஸ் 2 டிகிரியில கடைசி காவல். பிஎம்எஸ் முதல்ல வெட்டுனா ஓடிக்கிட்டிருக்கிற கண்ட்ரோலருக்கு திடீர்னு போக்கிடம் இல்லாம வோல்டேஜ் எகிறும், இன்வெர்ட்டர் ட்ரிப் ஆகும்.

ஜனவரி 19

கார்ல ஒட்டின பனி கராஜ்ல உருகி ஒரே ஈரம். சினூக் அன்னிக்கு பெட்டி மூடிய திறக்காதீங்க, குளிர்ந்த பஸ்பார்ல உடனே வேர்த்துடும். மூடிக்கு ரப்பர் பீடிங், உள்ள சிலிக்கா ஜெல் ரெண்டு பை.

பிப்ரவரி 9

தம்பி ஒரு மாசம் மதுரை போறான், பேட்டரிய என்ன பண்றதுன்னு கேட்டான். 50 பர்சன்ட்ல நிறுத்து, பேனல் பிரேக்கர ஆஃப் பண்ணு, ஹீட்டரயும் ஆஃப் பண்ணு, பிஎம்எஸ் கொஞ்சமா குடிச்சுக்கிட்டே இருக்கும் அதனால மெயின் ஒயரையும் கழட்டிடுன்னேன். "ஹீட்டரயுமா, விறைச்சுடாதாண்ணே?" விறைச்சா விறைக்கட்டும், யாரும் சார்ஜ் ஏத்தப் போறதில்ல. வந்தவுடனே பிரேக்கர போட்டுடாத, முதல்ல புரோப சொருகுன்னு சொல்லி வச்சிருக்கேன்.

பிப்ரவரி 22

ரெண்டாவது ஃபோம் அடுக்கு ஏத்தியாச்சு. அதே டெஸ்ட், அதே மாதிரி குளிர், 15ல ஆரம்பிச்சு காலைல 8. டைமர ராத்திரி 3ல இருந்து 4க்குத் தள்ளிட்டேன்.