எந்த லித்தியம்?

மனைவியின் மறதிக்கு லித்தியம் வாங்கலாமா என்று மருந்துக் கடைக்கு வந்த ஒருவர் கேட்டார். "வேண்டாம் சார்" என்று நான் சொன்னதில் இன்றும் மாற்றம் இல்லை. எந்த லித்தியத்தை மனதில் வைத்து அப்படிச் சொன்னேன் என்பதுதான் உறுத்துகிறது.

மருந்துக் கவுண்டரில் நிற்கும் எங்களுக்கு லித்தியம் என்றால் பைபோலார் என்ற மனநோய்க்கான 300 மில்லிகிராம் கார்பனேட் மாத்திரைதான். ரத்தத்தில் பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்கலாம். 1.5-ஐத் தாண்டினால் வாந்தி, தள்ளாட்டம், பேச்சுக் குளறல். மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவே ஒரு வரப்பளவுதான் இடம்.

சார் கேட்டது அதை அல்ல. போனில் ஒரு டப்பாவைக் காட்டினார்: லித்தியம் ஓரோடேட், 5 மில்லிகிராம். "ஹார்வர்டுல கண்டுபிடிச்சிருக்காங்களாம்மா. லித்தியம் குறைஞ்சாதான் மறதி வருதாம். வீட்டுக்காரிக்கு வாங்கலாமா?"

ஏதோ வாட்ஸ்அப் கதை என்று தள்ளிவிடவும் முடியாது. 2025 ஆகஸ்டில் நேச்சர் இதழில் ஹார்வர்டின் புரூஸ் யாங்க்னர் குழுவின் ஆய்வு வந்தது. மறதி தொடங்கியவர்களின் மூளையில் லித்தியம் குறைவாக இருந்தது. அல்சைமர் நோயில் மூளையில் சேரும் அமிலாய்டு என்ற புரதப் படிவுகள் அதைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. சிறிதளவு ஓரோடேட் கொடுத்தபோது எலிகளின் நினைவாற்றல் மீண்டது. எலிகளுக்குத்தான். மனிதர்கள் தாங்களாகவே எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று யாங்க்னரே சொல்லியிருக்கிறார்.

அந்த அம்மாவின் மருந்துச் சீட்டைப் பார்த்தேன். பிபிக்கு டெல்மிசார்ட்டனும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த மாத்திரை, முட்டிவலிக்கு டைக்ளோஃபெனாக். இந்த மூன்றுமே லித்தியத்தை உடம்பிலேயே தங்க வைக்கக்கூடியவை. அதனால்தான் வேண்டாம் என்றேன்.

"குடிக்கிற தண்ணியிலயே இருக்குன்னு போட்டிருக்கே. அது மட்டும் ஆகுமா?"

"அளவு வேற சார்."

அளவு வேறுதான். ஆனால் கணக்குப் போட்டால் அது என் பக்கமும் முழுதாக நிற்கவில்லை. 300 மில்லிகிராம் கார்பனேட்டில் உள்ள லித்தியம் சுமார் 56 மில்லிகிராம். அவர் காட்டியது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பெரிய மாத்திரையின் பயத்தை எடுத்துச் சின்ன மாத்திரைக்குப் பதில் சொன்னேனோ?

அதற்காக, தண்ணீரை வைத்து அந்த டப்பாவுக்கு நற்சான்று கொடுக்கவும் முடியாது. குடிநீரில் லித்தியம் உள்ள இடங்களில் தற்கொலை குறைவு என்று சொல்லி 1990-இல் வெளியான டெக்சாஸ் ஆய்வில், லித்தியம் அதிகம் என்று சொல்லப்பட்ட தண்ணீரிலேயே லிட்டருக்கு 170 மைக்ரோகிராம்தான் உச்சம். தினம் 2 லிட்டர் குடித்தாலும் மூன்றில் ஒரு மில்லிகிராம். டென்மார்க்கில் 2017-இல் வந்த ஆய்வு இன்னும் குழப்பம்: லித்தியம் கூடுதலாக உள்ள தண்ணீரைக் குடித்தவர்களிடம் டிமென்ஷியா என்ற மறதி நோய் குறைவு, நடுத்தர அளவில் குடித்தவர்களிடம் அதிகம். ஆக 5 மில்லிகிராம் என்பது இரண்டு கரையும் இல்லாத இடம். வயதான சிறுநீரகம், கூடவே அந்த மூன்று மருந்துகள், வருடக்கணக்கில் தினமும். வேண்டாம் என்றது சரிதான்.

"சரிம்மா, அதுக்குப் பதிலா என்ன இருக்கு?" என்றார். பி12, தைராய்டு பார்க்கச் சொன்னேன், நரம்பியல் மருத்துவரிடம் போகச் சொன்னேன். பார்த்தாயிற்று, போயாயிற்று என்றார். அதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இல்லை.

அந்த டப்பாவுக்குச் சீட்டும் வேண்டாம், என் அனுமதியும் வேண்டாம், ஆன்லைனில் வாங்கியிருக்கலாம். வாங்கினால் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்துக்கொள்ளுங்கள், டைக்ளோஃபெனாக்கை நிறுத்துவது பற்றி டாக்டரிடம் கேளுங்கள் என்று சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அப்படிச் சொன்னால் வாங்கலாம் என்று நானே சொன்ன மாதிரி ஆகிவிடாதா?