பழைய மாருதி 800-இல் ஆயில் ஒழுகல்: கண்டுபிடித்துச் சரிசெய்த விதம்

அப்பா 1997-இல் வாங்கிய மாருதி 800 இப்போது என்னிடம் இருக்கிறது. கார்புரேட்டர் மாடல், 796 சிசி, மூன்று சிலிண்டர். தாம்பரத்தில் எங்கள் அபார்ட்மென்ட்டின் கீழ்த்தளத்தில் நிற்கும். மழைக்காலம் முடிந்த சமயத்தில் ஒருநாள் வண்டியை வெளியே எடுத்தபோது, தரையில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குக் கறுப்பாக ஒரு வட்டம் தெரிந்தது. ஒரே வாரத்தில் அது உள்ளங்கை அளவாகிவிட்டது. ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக் கம்பியை உருவிப் பார்த்தேன். மேல்கோட்டில் இருந்த ஆயில் பாதிக்கு இறங்கியிருந்தது.

டேஷ்போர்டில் ஆயில் விளக்கு எரியவில்லை. எரியவில்லை என்பதற்காக நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. அந்த விளக்கு காட்டுவது ஆயிலின் அழுத்தத்தை, அளவை அல்ல. ஆயில் மிகவும் குறைந்து, பம்ப் காற்றை உறிஞ்சத் தொடங்கிய பிறகுதான் அது எரியும். சின்ன எஞ்சின், மொத்தமே மூன்று லிட்டருக்குள்தான் ஆயில் பிடிக்கும். அரை லிட்டர் குறைந்தாலும் பெரிய விஷயம்.

பக்கத்துத் தெரு மெக்கானிக் வண்டியை ஜாக்கியில் தூக்கிப் பார்த்தார். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் துளி தொங்கிக்கொண்டிருந்தது. "பின்னாடி கிராங்க் சீல் போயிருக்கு சார். கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆகணும். ரெண்டு நாள் வேலை, ஆறாயிரத்து ஐந்நூறு ஆகும்" என்றார். கிராங்க்ஷாஃப்ட் வெளியே வரும் இடத்தில் ஆயிலைத் தடுத்து நிறுத்தும் ரப்பர் வளையம்தான் அந்த சீல். அதன் விலை கொஞ்சம்தான், கூலிதான் அதிகம். அப்படியே இறக்கினால் கிளட்சையும் மாற்றிவிடலாம் என்பார்கள். துளி அங்கேதான் விழுந்தது என்பதை நானும் பார்த்தேன், அதனால் அவர் சொன்னதைத் தப்பென்று சொல்ல முடியவில்லை. ஆனாலும் ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். ஆயில் மேலிருந்து கீழே வழியும், வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். கீழே தொங்கும் துளி எங்கிருந்து கிளம்பியது என்று தெரியாமல் கியர்பாக்ஸை இறக்க எனக்கு மனம் வரவில்லை.

முதலில் துளியை வெள்ளைத் துணியில் எடுத்து முகர்ந்தேன். கியர் ஆயிலாக இருந்தால் கந்தக வாடை மூக்கில் ஏறும். இதில் அந்த வாடை இல்லை, நிறமும் நல்ல கறுப்பு. ஆக, எஞ்சின் ஆயில்தான்.

அடுத்தது சுத்தம் செய்யும் வேலை. என்னைக் கேட்டால் இதில் பாதி வெற்றி இந்த ஒரு வேலையில்தான் இருக்கிறது. 25 வருஷத்து அழுக்கும் ஆயிலும் சேர்ந்து அப்பிக்கிடக்கும் எஞ்சினில் புதுக் கசிவு எது, பழைய கறை எது என்று யாராலும் சொல்ல முடியாது. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றினேன். ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரையும், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரையும் பிளாஸ்டிக் பையால் கட்டினேன். டீசலும் பழைய பிரஷ்ஷுமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்கத் தேய்த்தேன். வழிந்ததைப் பிடிக்கக் கீழே ஒரு தட்டு. பெட்ரோலை மட்டும் இதற்குத் தொடவே கூடாது. துடைத்து, காட்டன் வேஸ்ட்டால் ஈரம் எடுத்து, மாலைவரை காயவிட்டேன்.

காய்ந்த பிறகு சந்தேகப்பட்ட இடங்களில் எல்லாம் முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரைத் தூவினேன். பெல்ட், மின்சார இணைப்புகள் பக்கம் மட்டும் போடவில்லை. பழைய மெக்கானிக்குகள் செய்கிற வேலை இது. பவுடர் படிந்த இடத்தில் ஆயில் கசிந்தால் கோடு போட்டதுபோல் தெரியும். வண்டலூர்வரை போய்த் திரும்பினேன். டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, கண் போகாத இடங்களில் போனைவிட்டு வீடியோ எடுத்தேன்.

கிராங்க் சீல் பக்கம் மேலிருந்து வழிந்த ஈரம் மட்டும்தான் இருந்தது. அந்தக் கோட்டைப் பிடித்து மேலே போனால், சிலிண்டர் ஹெட்டின் ஓரத்தில் டிஸ்ட்ரிபியூட்டர் உட்காரும் இடம். இந்த எஞ்சினில் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டின் ஒரு முனையில் டைமிங் பெல்ட், மறுமுனையில் டிஸ்ட்ரிபியூட்டர். அதற்கு நேர் கீழே கியர்பாக்ஸ். அங்கே இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் வழியாகக் கசிந்த ஆயில் ஹெட்டை ஒட்டி இறங்கி, கியர்பாக்ஸின் இணைப்பில் தேங்கித் துளியாகி விழுந்திருக்கிறது.

கழற்றுவதற்கு முன் டிஸ்ட்ரிபியூட்டரின் உடம்பிலும் அது உட்காரும் இடத்திலும் சேர்த்து ஆணியால் ஒரு கோடு கீறினேன். மூடியைத் திறந்து, உள்ளே சுழலும் ரோட்டார் எந்தத் திசையில் நிற்கிறது என்று படம் எடுத்தேன். வெளியே இழுக்கும்போது பல்சக்கரம் சாய்வாக இருப்பதால் ரோட்டார் கொஞ்சம் திரும்பும். திரும்பி நின்ற இடத்தையும் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். இதைக் கோட்டைவிட்டால் இக்னிஷன் டைமிங், அதாவது பிளக்கில் தீப்பொறி விழும் நேரம், மாறி வண்டி கிளம்பாது. நடுவில் எஞ்சினைச் சுற்றவும் கூடாது.

வெளியே வந்த ஓ-ரிங் வட்ட வடிவத்தை இழந்து தட்டையாகி, நகத்தால் அழுத்தினால் பிளாஸ்டிக்போல் இருந்தது. இத்தனை வருஷச் சூட்டில் எந்த ரப்பரும் இப்படித்தான் ஆகும். அதை ஒரு கவரில் போட்டுக்கொண்டு, சென்னையில் வண்டி உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோடு போனேன். மூன்றாவது கடையில் இருந்த பெரியவர் பழைய ரிங்கை வாங்கி ஒரு பார்வை பார்த்தார். "இதை வெச்சு அளவு எடுக்காதீங்க தம்பி, இது நசுங்கிப்போனது. வண்டி மாடல் சொல்லுங்க" என்று சரியான ரிங்கை எடுத்துக் கொடுத்தார். இன்னொன்றும் சொன்னார்: தண்ணீர்க் குழாய்க்கு விற்கிற ரப்பர் ரிங் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் அதைப் போடக்கூடாது. அதில் சில வகை ஆயில் பட்டால் ஊதிக் கெட்டுவிடும். ஆயிலுக்கு நைட்ரைல் ரப்பர் வேண்டும், சூடு அதிகம் தாங்க வேண்டுமானால் வைட்டான். வைட்டானே கிடைத்தது. விலை நூறு ரூபாய்க்குள்தான்.

புது ரிங்கில் கொஞ்சம் ஆயில் தடவி, கீறிய கோட்டுக்குக் கோடு சேர்த்துப் பொருத்தினேன். முதல் சாவித் திருப்பலிலேயே வண்டி கிளம்பிவிட்டது, அந்தச் சத்தம் கேட்டபோது எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. மறுநாள் அதே மெக்கானிக்கிடம் டைமிங் லைட் வைத்துச் சரிபார்த்துக்கொண்டேன். வீடியோவைக் காட்டினேன். அவர் நிதானமாக முழுவதும் பார்த்துவிட்டு, "அடுத்த வண்டிக்கு நானும் பவுடர் போடுறேன் சார்" என்றார்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி ஒரு சின்னத் துளி. மறுபடி துடைத்து, பவுடர் போட்டேன். இந்த முறை சிலிண்டர் ஹெட்டின் மேல்மூடியான டேப்பெட் கவரின் பின்மூலை. அதன் அடியில் ஆயிலைத் தடுக்கும் கேஸ்கட்டை மாற்றுவது அரை மணி நேர வேலைதான். ஆனால் பலர் கசிகிறது என்று கவரின் போல்ட்டை இன்னும் இன்னும் முறுக்குவார்கள். அப்படி முறுக்கினால் கவர் வளைந்து கசிவு கூடும். கேஸ்கட்டோடு சிலிகான் பசையையும் கொட்டக்கூடாது, பிதுங்கி உள்ளே விழுந்தால் எஞ்சின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் உள்ள வடிகட்டி வலையை அடைத்துவிடும்.

கவரிலிருந்து ஏர் ஃபில்டருக்குப் போகும் பிரீதர் ஹோஸைக் கழற்றியபோதுதான் முக்கியமான ஒன்று தெரிந்தது. உள்ளே பழுப்புச் சேறு அடைத்திருந்தது. பிஸ்டனைத் தாண்டி வரும் வாயு வெளியேற வழியில்லாமல் உள்ளே அழுத்தம் ஏறினால், எங்கே ரப்பர் பலவீனமோ அங்கே ஆயிலைத் தள்ளும். ஹோஸைச் சுத்தம் செய்யாமல் கேஸ்கட்டை மட்டும் மாற்றியிருந்தால் அதுவும் சீக்கிரம் கசிந்திருக்கும். கடைக்கும் ரயில் நிலையத்துக்கும் மட்டும் வண்டியை ஓட்டுவதால் எஞ்சின் முழுச் சூடு ஏறுவதில்லை, ஈரம் ஆயிலோடு கலந்து இந்தச் சேறாகிறது. இப்போது வாரம் ஒருமுறை செங்கல்பட்டு வரை ஓட்டுகிறேன்.

அதற்குப் பிறகு 3,000 கிலோமீட்டர் ஓடியாகிவிட்டது. அடியில் விரித்த அட்டை காய்ந்தே கிடக்கிறது, டிப்ஸ்டிக்கில் அளவு அசையவில்லை. கியர்பாக்ஸை இறக்கவே இல்லை. அடுத்து டைமிங் பெல்ட் மாற்றும் முறை வருகிறது. கேம், கிராங்க் இரண்டின் முன்பக்க சீல்களையும் அப்போதே மாற்றச் சொல்லியிருக்கிறேன். பெல்ட்டைக் கழற்றினால்தான் அவற்றைத் தொட முடியும்.