எர்த் போல்ட்

பாலக்கோட்டில் தக்காளி ஏற்றிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாகச் சேலம் போகும் வண்டிகள், தர்மபுரியில் இருக்கிற எங்கள் ஆட்டோ எலக்ட்ரிக் கடைக்கு அடிக்கடி வரும். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் லைட் மங்கினால் என்ன ஆகும் என்று அந்த டிரைவர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அதனால் லைட் வேலை என்றால் அவசரப்பட்டு முடித்து அனுப்ப எனக்கு மனசு வராது.

அன்று வந்தது 20 வருடம் ஓடிய பிக்கப். "தம்பி, பகல்ல இண்டிகேட்டர் ஒழுங்கா அடிக்குது. லைட் போட்டா இடது பக்கம் மட்டும் படபடன்னு அடிக்குது. அந்தப் பக்க ஹெட்லைட்டும் மங்கல்" என்றார் டிரைவர் அண்ணன். வேறொரு கடையில் பல்பையும், இண்டிகேட்டரை விட்டுவிட்டு எரியவைக்கும் ஃப்ளாஷரையும் ஏற்கெனவே மாற்றியிருந்தார்கள்.

அவர் சொன்னதிலேயே விடை இருந்தது. எனக்கு உடனே பிடிபடவில்லை. பல்போடு வயரைச் சேர்க்கும் ஹெட்லைட் கப்ளரைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தேன், 12.4 வோல்ட். கரண்ட்தான் வருகிறதே என்று ஸ்டீயரிங் அடியில் இருக்கும் சுவிட்ச், பியூஸ் பாக்ஸ் என்று அரை மணி நேரம் தேடினேன். கப்ளரைக் கழற்றி அளந்தால் இப்படித்தான் ஏமாறுவோம். துருப்பிடித்த இணைப்பு வழியாகக்கூட மீட்டருக்கு வேண்டிய சொட்டுக் கரண்ட் வந்துவிடும். 55 வாட் பல்பு நாலரை ஆம்பியர் இழுக்கும்போதுதான் குறை தெரியும். "எரியும்போது அளடா" என்று எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

கப்ளரை மாட்டி, லைட்டைப் போட்டு, பின்பக்கமாக அளந்தேன். பல்புக்குக் கிடைத்தது 9.5 வோல்ட். ஹாலோஜன் பல்பில் வோல்டேஜ் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே வெளிச்சம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். இங்கே அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் குறைந்திருந்தது. அப்புறம் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும், மறுமுனையை பல்பின் எர்த் பின்னிலும், அதாவது கரண்ட் வண்டி பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் முனையிலும் வைத்தேன். 2.1 வோல்ட் காட்டியது. கிட்டத்தட்ட பூஜ்யம் இருக்க வேண்டிய இடம் அது.

இடது ஹெட்லைட்டுக்கும் இண்டிகேட்டருக்கும் எர்த் ஒரே போல்ட்டில்தான். அந்த இணைப்பு கெட்டால் கரண்ட் திரும்பும் வழி குறுகிவிடும். லைட் போட்டதும் அந்தக் குறுகலான வழியை ஹெட்லைட்டே அடைத்துக்கொள்கிறது. இண்டிகேட்டரில் கரண்ட் குறைகிறது. ஒரு பல்பு ஃபியூஸ் ஆகிவிட்டது என்று ஃப்ளாஷர் எடுத்துக்கொண்டு வேகமாக அடிக்கிறது. பகலில் ஹெட்லைட் எரியாததால் இந்தத் தொல்லை இல்லை.

போல்ட்டைக் கழற்றினேன். எப்போதோ டிங்கரிங் செய்தவர்கள் அடியில் சுரண்டாமல், பெயின்ட் மேலேயே லக்கை (எர்த் வயர் முனையில் இருக்கும் உலோக வளையம்) வைத்து முறுக்கியிருந்தார்கள். உள்ளே துரு. எமரி பேப்பர் போட்டு இரும்பு பளபளவென்று தெரியும்வரை தேய்த்து, புது லக் வைத்து முறுக்கி, மேலே வாஸ்லின் தடவினேன். அந்த 2.1 வோல்ட் 0.1க்கு இறங்கியது. பழைய சுவிட்சிலும் வயரிலும் வீணாகிக்கொண்டிருந்த மீதி 0.8 வோல்ட்டுக்காகத் தனியாக ரிலே (சின்னக் கரண்டில் பெரிய கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்) போட்டுப் பேட்டரியிலிருந்தே லைன் கொடுத்தேன்.

"எதுப்பா போயிருந்துச்சு?" என்று கேட்டார் அண்ணன். கழற்றிய பழைய லக்கைக் கையில் கொடுத்தேன். புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

வலது பக்கம் நன்றாகத்தான் எரிந்தது. ஆனாலும் மனசு கேட்காமல் அந்த போல்ட்டையும் கழற்றினேன். அங்கேயும் அடியில் அதே பெயின்ட்.