ஆடிப்பெருக்கும் ஒரு தார்ப்பாயும்

28 ஜூலை 2024, ஞாயிறு

மேட்டூரில் இன்று டெல்டாவுக்குத் தண்ணீர் திறந்துவிட்டார்கள். வழக்கமான நாள் ஜூன் 12. ஆனால் இந்த மாதத் தொடக்கத்தில்கூட அணை 40 அடி அளவில்தான் கிடந்தது, எங்கிருந்து திறப்பது? அது இப்போது நூறைத் தாண்டி நிற்கிறது என்றால் மேலே குடகிலும் வயநாட்டிலும் எப்படிக் கொட்டியிருக்கும் பாருங்கள்.

ஆடி 18க்கு வழக்கம்போல எல்லோரும் திருவையாற்றில் பெரியப்பா வீட்டில் கூடுகிறோம். இந்த வருஷம் சித்ரான்னத்தோடு பிள்ளைகளுக்கு ஒரு ஆற்றுத் திருவிழாவும் உண்டு என்று குடும்ப வாட்ஸாப்பில் அறிவித்துவிட்டேன் (பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுப்பவளுக்கு வேறென்ன தோன்றும்). பெரியப்பா உடனே போன் போட்டார்: "ஆத்துல குளிக்கறதுக்கு எதுக்குடி வகுப்பு?"

31 ஜூலை, புதன்

நேற்று மேட்டூர் 120 அடியைத் தொட்டு நிரம்பிவிட்டது. அதைக் கொண்டாடும் மனநிலை யாருக்கும் இல்லை. நேற்று விடியற்காலைதான் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை மண்சரிவு. டிவியைப் பார்த்துவிட்டு அண்ணன் மகன் கேட்டான்: "அத்தை, அந்தத் தண்ணிதான் நம்ம ஆத்துக்கு வருதா?"

இல்லை. அந்தச் சரிவின் நீர் புன்னப்புழா வழியாகச் சாலியாற்றில் சேர்ந்து மேற்கே அரபிக்கடலுக்குப் போகிறது. அதே மாவட்டத்தில் மலை முகட்டுக்கு இந்தப் பக்கம் விழும் மழையோ கபினியாகிக் கிழக்கே ஓடி, காவிரியில் கலந்து மேட்டூருக்கு வருகிறது. முகட்டில் நாலடி தள்ளி விழுந்தால் துளிக்கு வேறு கடல். போனில் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. தார்ப்பாய் எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

1 ஆகஸ்ட், வியாழன்

ஊர் வந்து சேர்ந்தாயிற்று. கல்லணை நேற்றே திறந்துவிட்டார்கள், படித்துறையில் புதுத் தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடுகிறது.

கொல்லையில் ஒத்திகை பார்த்தோம். செங்கல், பழைய தலையணை, கவிழ்த்த குண்டான் எல்லாவற்றையும் நீளவாக்கில் அடுக்கி மேலே நீலத் தார்ப்பாயைப் போர்த்தினால் மேற்குத் தொடர்ச்சி மலை தயார். பூவாளியால் முகட்டில் ஊற்றச் சொன்னேன். தண்ணீர் இரண்டாகப் பிரிந்து, ஒரு பங்கு துளசி மாடத்துப் பக்கமும் மறு பங்கு கிணற்றுப் பக்கமும் இறங்கியது. அண்ணன் மகன் பூவாளியை ஒரு விரல் அளவு நகர்த்தி நகர்த்தி ஊற்றிப் பார்த்தான். பிரியும் இடத்தைக் கண்டுபிடித்ததும் அங்கே சாக்பீஸால் கோடு போட்டுவிட்டான். நீர்ப்பிடிப்புப் பகுதி என்று புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்க விளக்குவதை அந்தக் கோடு சொல்லிவிட்டது.

அடுத்து மேல் மடிப்பில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூள். ஊற்றினால் கீழே இருக்கும் மடிப்புகள் எல்லாம் மஞ்சள். மலையில் யாரோ கொட்டுவது நம் வீட்டுக் குழாய் வரைக்கும் வரும் என்று நான் வாயெடுப்பதற்குள் சின்னவள் சொல்லிவிட்டாள். கடைசியாக ஒரு பக்கம் மட்டும் பழைய துண்டை விரித்தேன், அதுதான் காடு. வெறும் தார்ப்பாயில் நீர் சடசடவென்று ஓடி முடிந்துவிட்டது, துண்டு விரித்த பக்கம் பூவாளியை வைத்த பிறகும் வெகுநேரம் சொட்டிக்கொண்டே இருந்தது. மழை நின்ற மாதங்களிலும் ஆறு ஓடுவது இந்தச் சொட்டில்தான்.

2 ஆகஸ்ட், வெள்ளி

திருச்சியில் கொள்ளிடத்துக்குள் நின்ற உயர் அழுத்த மின்கோபுரம் ஒன்று வெள்ளத்தில் சாய்ந்துவிட்டது. மேட்டூரிலிருந்து வருவது விநாடிக்கு லட்சம் கனஅடிக்கு மேல். காவிரியும் கொள்ளிடமும் பிரியும் முக்கொம்பில் அதில் பெரும்பகுதியைக் கொள்ளிடத்தில் திருப்பிவிடுவதால்தான் நம் படித்துறையில் பயமில்லாமல் நிற்க முடிகிறது. ஆனாலும் பிள்ளைகளை ஆற்றில் இறக்குவதாக இல்லை, அளவெடுப்பதெல்லாம் வாய்க்காலில்தான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

வாய்க்கால் 3 மீட்டர் அகலம், குச்சி விட்டுப் பார்த்ததில் சராசரி ஆழம் 60 சென்டிமீட்டர். 10 மீட்டர் அளந்து கயிறு கட்டி எலுமிச்சம்பழத்தை மிதக்கவிட்டோம், 20 விநாடியில் கடந்தது. மேற்பரப்பு வேகமாக ஓடும், அடியில் மண்ணும் பாசியும் இழுக்கும், அதனால் 0.85ஆல் பெருக்க வேண்டும். கணக்குப் போட்டால் விநாடிக்குச் சுமார் 765 லிட்டர், அதாவது 27 கனஅடி. "அப்ப லட்சம் கனஅடின்னா?" என்று ஒருத்தி கேட்டு, அவளே வகுத்து, இந்த மாதிரி 3,700 வாய்க்கால் என்றாள். செய்தியில் தினம் கேட்கிற எண்ணுக்கு இப்போதுதான் அவளுக்கு ஒரு உருவம் கிடைத்திருக்கிறது. நான் இன்னொன்று சேர்த்தேன்: லட்சம் கனஅடி ஒரு நாள் முழுக்க ஓடினால் 8.64 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கனஅடி), மேட்டூரின் கொள்ளளவு 93.47 டிஎம்சி. காலி அணைகூடப் பதினோரு நாளில் நிரம்பிவிடும்.

3 ஆகஸ்ட், சனி, ஆடி 18

நல்ல கூட்டம். காப்பரிசி, காதோலை கருகமணி, மஞ்சள் கயிறு, முளைப்பாரி எல்லாம் முறைப்படி நடந்தது, தேங்காய் சாதம் பதினொரு மணிக்கே தீர்ந்துவிட்டது.

எங்கள் கடை படித்துறைக்கு மேலே வேப்பமரத்தடியில். தெருப் பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். தார்ப்பாய் மலைக்குத்தான் வரிசை. அதைவிட நான் ரசித்தது கத்தரிக்கோல் கோஷ்டி. புதுத் தம்பதிகள் கல்யாண மாலையை ஆற்றில் விடக் கொண்டுவருவார்கள் இல்லையா, இப்போது அதில் பூவைவிட ஜிகினாவும் நைலான் நூலும்தான் அதிகம். எங்கள் வாண்டுகள் போய், "அக்கா, பூ மட்டும் ஆத்துக்கு, நூலை எங்ககிட்ட குடுங்க" என்று நின்றன. ஒரு மாமியார் முறைத்தார். அந்த மருமகள் சிரித்துக்கொண்டே கத்தரிக்கோலை வாங்கித் தானே வெட்ட ஆரம்பித்துவிட்டாள். சாயங்காலம் ஒரு அரிசிச் சாக்கு நிறைய நூல், பாலிதீன் பை, ஷாம்பு உறை. பழைய துணியை ஆற்றில் விடும் வழக்கத்தை மட்டும் யாரிடமும் பேசி நிறுத்த முடியவில்லை.

4 ஆகஸ்ட், ஞாயிறு

இன்று ஆடி அமாவாசை, விடிவதற்குள் படித்துறையில் தர்ப்பணக் கூட்டம். நாங்கள் நேற்று மொண்டுவைத்த பாட்டிலைப் பார்த்தோம். அடியில் மெல்லிய மணல், அதன்மேல் மாவு மாதிரி வண்டல் ஒரு கோடு, அதற்கு மேலும் தண்ணீர் இன்னும் கலங்கல்தான். வண்டல் இவ்வளவுதானா என்று பிள்ளைகளுக்கு ஏமாற்றம். 1934இல் மேட்டூர் கட்டியதிலிருந்து மலை மண்ணில் பெரும்பகுதி அணைக்குள்ளேயே படிந்துவிடுகிறது, இங்கே வருவது மிச்சம்தான்.

சாப்பிடும்போது பெரியப்பா ஆரம்பித்தார், கொள்ளிடத்தில் இவ்வளவும் கடலுக்கு வீணாகப் போகிறதே என்று. வீண் என்று ஒரேயடியாகச் சொல்ல முடியாது என்றேன். முகத்துவாரத்தில் நன்னீர் தள்ளாவிட்டால் உப்புநீர் உள்ளே ஏறும், பிச்சாவரம் பக்கத்து அலையாத்திக் காட்டுக்கும் கழிமுக மீனுக்கும் நன்னீரும் வண்டலும் வேண்டும். பெரியப்பா மோரை ஊற்றிக்கொண்டே, "கடைமடைக்காரன்கிட்ட போய் இதைச் சொல்லு பார்ப்போம்" என்றார்.

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. கொள்ளிடம் கரைபுரளும்போதும் கடைமடையில் நாற்றங்காலுக்குத் தண்ணீருக்காகக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் மேட்டூர் நிரம்பி அவர்களுக்கு என்ன? அடுத்த ஆடிக்குத் தார்ப்பாயை மலையோடு நிறுத்தாமல் கடல் வரை நீட்டி, வாய்க்கால்களையும் மதகுகளையும் வைத்துக் கட்டச் சொல்லியிருக்கிறேன். கடைசி வயலுக்கு முதலில் தண்ணீர் சேர்க்கிற பிள்ளைக்குப் பரிசு தருவதாகப் பெரியப்பா சொல்லிவிட்டார், என்ன பரிசு என்பதில்தான் இப்போது சண்டை.