மோனேயின் குளத்துக்கு

ஜூன் 11, புதன் – பாரிஸ்

வந்து இறங்கியது நேற்று, செவ்வாய். ஓவியர் மோனேயின் அல்லிக் குள ஓவியங்கள் இருக்கும் ஓரான்ஜெரி அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை என்பதால் ஒரு நாள் காத்திருக்க வேண்டியதாயிற்று. லூவருக்கும் செவ்வாய்தான். ஓர்சே, மார்மோத்தான் அருங்காட்சியகங்களுக்குத் திங்கள். தனியாகக் கிளம்புகிறவர்கள் டிக்கெட் போடும் முன்பே இதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

காலை ஒன்பது மணிக்குக் கதவு திறக்கும்போதே உள்ளே போய்விட்டேன். குளிர்காலத்தில் ஆரஞ்சு மரங்களை வைத்துக் காப்பாற்ற, துய்லரி தோட்டத்தின் ஓரமாக 1852-ல் கட்டிய கட்டடம் இது. பெயர் வந்ததும் அப்படித்தான். உள்ளே முட்டை வடிவில் இரண்டு அறைகள். சுவரோடு சேர்ந்து வளைந்து போகும் எட்டு அல்லி ஓவியங்கள், ஒவ்வொன்றும் இரண்டு மீட்டர் உயரம். முதல் உலகப் போர் நின்ற மறுநாள், 1918 நவம்பர் 12 அன்று, மோனே தன் நண்பரும் அப்போதைய பிரதமருமான க்ளெமான்சோவுக்குக் கடிதம் எழுதினார், வெற்றியின் நினைவாக நாட்டுக்கு இரண்டு ஓவியங்கள் தருகிறேன் என்று. அந்த இரண்டுதான் வளர்ந்து வளர்ந்து இவ்வளவு ஆனது. உயிரோடு இருந்தவரை அவருக்குக் கைவிட்டுக் கொடுக்க மனம் வரவில்லை. 1926 டிசம்பரில் இறந்தார். 1927 மே மாதம் அறைகளைத் திறந்தார்கள்.

கரை எங்கே என்று தேடினேன். இல்லை. வானம், அடிவானம் எதுவும் இல்லை, தண்ணீர் மட்டும். கிட்டே போனால் பூவும் இல்லை. காய்ந்த சுண்ணாம்புபோலக் கட்டிதட்டிய ரோஸ் வண்ணம், அதன்மேல் ஒரே இழுப்பில் ஒரு வெள்ளைக் கோடு, அவ்வளவுதான். பத்தடி பின்னால் வந்ததும் அதுவே தண்ணீரில் மிதக்கிறது. முன்னும் பின்னுமாக எத்தனை முறை நடந்தேன் என்று கணக்கில்லை.

இரவு அக்கா போனில், “தனியாப் போய்ச் சுத்துறியே, பேச ஆளில்லாம எப்படிடீ இருக்கே?” என்றாள். இரண்டு மணி நேரம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், போகலாமா என்று யாரும் கேட்கவில்லை என்றேன். சரி, சாப்பிட்டியா என்றாள்.

ஜூன் 12, வியாழன்

மார்மோத்தான். இம்ப்ரெஷனிசம் என்ற ஓவியப் பாணியின் பெயரே எந்த ஓவியத்திலிருந்து வந்ததோ, 1872-ல் லெ ஆவ்ர் துறைமுகத்தில் மோனே வரைந்த அந்தச் சூரியோதயம் இங்கேதான் இருக்கிறது. அரை மீட்டர் உயரம்கூடக் கிடையாது.

ஆனால் என்னை நிறுத்தியது தன் குளத்தின் மேல் இருந்த ஜப்பானிய பாணிப் பாலத்தை அவர் கடைசிக் காலத்தில் வரைந்த ஓவியங்கள். பச்சைப் பாலம் செங்கல் நிறத்திலும் பழுப்பிலும் எரிகிறது. மோனேவுக்குக் கண்புரை. 1912-லேயே மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். வலது கண்ணுக்கு அறுவை சிகிச்சை நடந்ததோ 1923-ல், 82 வயதில். அம்மாவுக்குப் புரை முற்றியிருந்தபோது வெள்ளைப் புடவையை மஞ்சள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இந்த ஓவியங்களின் முன்னால் நிற்கும்போது அவள் என்ன பார்த்தாள் என்று கொஞ்சம் புரிந்தது.

ஜூன் 13, வெள்ளி – ஜிவெர்னி

சேன் லசார் நிலையத்தில் ரயில் பிடித்தேன். புகை மூட்டத்தோடு 1877-ல் மோனே திரும்பத் திரும்ப வரைந்த அதே நிலையம். வெர்னோனுக்கு ஐம்பது நிமிடம். அங்கே பேருந்துக்கு நீண்ட வரிசை, அதனால் நடந்தேன். சென் ஆற்றைத் தாண்டினால், இடிந்த பழைய பாலத்தின் மிச்சத்தின்மேல் மரச்சட்டங்கள் வைத்துக் கட்டிய ஒரு பழைய ஆலை நிற்கிறது. ஜிவெர்னி கிராமத்துக்கு ஐந்து கிலோமீட்டர், போனதே தெரியவில்லை.

1883 முதல் சாகும்வரை, 43 ஆண்டுகள் மோனே இருந்த வீடு. ரோஸ் சுவர், பச்சை ஜன்னல்கள், முழுக்க மஞ்சளான சாப்பாட்டு அறை, அதை ஒட்டி நீலக் கல் பதித்த அடுப்படி. முன் தோட்டத்தில் ரோஜா நிரம்பி வழிகிறது. ஆனால் என் கால் நிற்கவில்லை. சாலைக்கு அடியில் போகும் சுரங்கப்பாதை வழியாகக் குளத்துக்குப் போய்விட்டேன்.

குளம் சின்னது! ஊர்க் கோவில் குளத்தில் பாதி இருக்குமா? 1893-ல் நிலம் வாங்கி, எப்த் ஆற்றின் கிளையிலிருந்து தண்ணீர் திருப்ப அனுமதி கேட்டார். வெளிநாட்டுச் செடி வைத்தால் தண்ணீர் கெட்டுவிடும் என்று அக்கம்பக்கத்து விவசாயிகள் எதிர்த்தார்கள். அப்புறம், வண்டிகள் கிளப்பும் புழுதி அல்லி இலைகளில் படிகிறது என்று சொந்தச் செலவில் சாலைக்குத் தார் போட்டார் மனிதர். இலைகளைக் கழுவவே ஓர் ஆள் படகில் போவாராம். இன்றும் ஒரு தோட்டக்காரர் படகில் நின்றபடி நீண்ட வலைக்கரண்டியால் பாசியை அள்ளிக்கொண்டிருந்தார். அல்லிக்கு இடைஞ்சல் வராமல் அவர் துடுப்பைப் போட்ட விதம், தூங்கும் குழந்தையைத் தாண்டி நடப்பதுபோல இருந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். நம் ஊர் அல்லி நிலவுக்கு விரியும். இது பகல் அல்லி. நான் போனபோது நன்றாக விரிந்திருந்தது. நான்கரை மணிக்கு ஒவ்வொன்றாகக் கூம்ப ஆரம்பித்தது. பாலத்தில் படம் எடுக்கும் கூட்டம் அப்போது குறைந்திருந்தது. தண்ணீரில் வில்லோ மரத்தின் நிழல், அதற்குள் ஒரு மேகம், அதன்மேல் பாதி மூடிய பூ. ஓரான்ஜெரியில் நான் தேடிய வானம் முழுக்கத் தண்ணீருக்குள் கிடந்தது.

ஜூன் 14, சனி – பாரிஸ்

லூவருக்கு வைத்திருந்த நாள். போகவில்லை. மறுபடி ஓரான்ஜெரி.

இன்று பூக்களையே பார்த்தேன். எது விரிந்திருக்கிறது, எது கூம்பியிருக்கிறது என்று. இரண்டாவது அறையில் இரண்டு வில்லோ மரங்கள் உள்ள ஓவியம் 17 மீட்டர் நீளம். ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குக் குளக்கரையில் நடப்பதுபோலவே நடந்தேன். 1960-களில் இந்த அறைகளுக்கு மேலே ஒரு தளம் கட்டி வெளிச்சத்தை மறைத்திருந்தார்கள். அதை இடித்து, 2006-ல்தான் பழையபடி கூரை வழியாக வெளிச்சம் வரவிட்டார்கள்.

பதினொரு மணி வாக்கில் வெளியே மேகம் மூடியிருக்க வேண்டும். அறை மங்கியது. நீலமாக இருந்த இடம் பச்சைக் கறுப்பாக மாறி, பூக்கள் மட்டும் வெளிறித் தெரிந்தன. பக்கத்தில் பேசிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். ஒரு நிமிடம் இருக்கும். பிறகு இடது ஓரத்திலிருந்து வெளிச்சம் திரும்பி வந்தது.