ஒரு லீ-என்ஃபீல்ட் ரைஃபிளின் முத்திரைகளை வாசித்த அனுபவம்

சென்ற இலையுதிர் காலத்தில் ஒன்ராறியோவில் நடந்த பழைய படைத்துறைப் பொருட்களின் விற்பனையொன்றில், உரிய உரிமத்துடன், பிரித்தானிய, கனடியப் படைகள் பயன்படுத்திய நம்பர் 4 லீ-என்ஃபீல்ட் ரைஃபிள் ஒன்றை வாங்கினேன். அது டியெப் தாக்குதலில் கனடியச் சிப்பாய் ஒருவர் ஏந்திச் சென்றது என்று விற்றவர் சொன்னார். 1942 ஆகஸ்ட் 19 அன்று அந்தப் பிரெஞ்சுக் கடற்கரைக்குப் போன ஏறத்தாழ 5,000 கனடியரில் 900க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களுடைய பெயரைச் சொல்லி ஒரு பொருள் கைமாறுவதானால் அந்தச் சொல் உண்மையாக இருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. ஆகவே, அதன் உடலில் பொறித்திருக்கும் முத்திரைகளை ஒன்றுவிடாமல் வாசித்துப் பார்ப்பது என்று தீர்மானித்தேன்.

முதலில் துப்பாக்கியின் தோட்டா அறையில் எதுவும் இல்லை என்பதை உறுதிசெய்து, அந்த அறையைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட் என்ற நகரும் பகுதியை வெளியே எடுத்தேன். பல பத்தாண்டு பழைய கிரீஸ் கெட்டிப்பட்டு எழுத்துகளை மூடியிருந்தது. கம்பித் தூரிகையோ உப்புத்தாளோ பட்டால் ஆழமில்லாத முத்திரைகள் அழிந்துவிடும் என்பதால், மினரல் ஸ்பிரிட்டில் நனைத்த பருத்தித் துணியால் மட்டுமே துடைத்தேன். அதற்கே ஒரு வார மாலைகள் போயின. பின்னர் விளக்கை அணைத்துவிட்டு, டோர்ச்சை உலோகத்தோடு ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் பிடித்தபோது, பகல் வெளிச்சத்தில் வெறும் கீறலாகத் தெரிந்தவை எழுத்துகளாக எழுந்து வந்தன.

பின்கட்டை வந்து பொருந்தும் இடத்தின் இடப்புறத்தில், நடுவே எல் என்ற எழுத்துடன் ஒரு வரிசை எண் இருந்தது. எல் என்பது லோங் பிராஞ்ச் தொழிற்சாலையைக் குறிக்கிறது. அமெரிக்காவின் சாவேஜ் நிறுவனம் செய்த இதே வகை ரைஃபிள்களில் அந்த இடத்தில் சி இருக்கும். அதற்குச் சற்று முன்னே, உடலின் இடப்பக்கச் சுவரில், 'லோங் பிராஞ்ச் 1943' என்று தெளிவாக இருந்தது. 1943இல் செய்யப்பட்ட துப்பாக்கி 1942இல் டியெப்புக்குப் போயிருக்க முடியாது. அந்த ஓர் ஆண்டெண்ணோடு விற்றவரின் கதை முடிந்துபோயிற்று.

ஆனால் லோங் பிராஞ்ச் என்ற பெயர் என்னை வேறொரு வகையில் பிடித்துக்கொண்டது. ஸ்மோல் ஆர்ம்ஸ் லிமிட்டெட் என்ற அரசு நிறுவனம் 1940இல் அமைத்த அந்தத் தொழிற்சாலை, நான் வசிக்கும் மிசிசாகாவிலேயே, லேக்‌ஷோர் சாலையோரம் இருந்தது. 9 லட்சத்துக்கும் மேற்பட்ட நம்பர் 4 ரைஃபிள்கள் அங்கே உருவாயின. வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அன்றைய பரிசோதனைக் கட்டடம் இன்று கலைக்கூடமாக நிற்கிறது. எத்தனையோ முறை கடந்து சென்ற கட்டடத்தின் பொருள் என் மேசையில் கிடந்தது.

உண்மையான சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது. தொழிற்சாலை பொறித்திருந்த 'மார்க் 1 நட்சத்திரம்' என்ற வகைப்பெயரை யாரோ அடித்துவிட்டு, அருகில் மின்பேனாவால் கையெழுத்துப்போல மெல்லியதாக வேறொன்றை எழுதியிருந்தார்கள். அதை 'மார்க் 1/2' என்று வாசிப்பதா, 'மார்க் 1/3' என்று வாசிப்பதா என்பது இரண்டு நாட்கள் எனக்குப் புலப்படவில்லை. மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பார்த்தும் கடைசி இலக்கம் பிடிபடவில்லை. முடிவில் எழுத்தை விட்டுவிட்டு இயந்திரத்தைப் பார்த்தேன். சாதாரண மார்க் 1இல் போல்ட்டை விடுவிக்கத் தனியாக ஒரு தாழ் உண்டு. நட்சத்திர வகையில் அந்தத் தாழை நீக்கிவிட்டு, போல்ட் ஓடும் தண்டவாளத்தில் ஒரு வெட்டு மட்டும் வைத்தார்கள். என்னுடையதில் வெட்டுதான் இருந்தது. நட்சத்திர வகையை மாற்றியமைத்தால்தான் 1/3 என்ற பெயர் வரும். விசையைச் சுற்றியுள்ள வளையமான விசைக்காப்பைக் கழற்றியபோது, விசை அந்தக் காப்பில் அல்லாமல் துப்பாக்கியின் உடலிலேயே தொங்குவதைக் கண்டேன். ஈரத்தில் மரம் ஊதினாலும் விசையின் இழுப்பு மாறக்கூடாது என்பதற்காகப் போருக்குப் பின் செய்த மாற்றம் அது. வகைப்பெயரை அடுத்திருந்த எஃப், எஃப்டிஆர், 50 என்ற குறிகளின் பொருளும் அதனால் விளங்கியது: 1950இல் லிவர்பூலின் ஃபசாகெர்லி தொழிற்சாலையில் முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது.

குழலில் கிரீடத்தின் கீழ் பிஎன்பி என்ற பர்மிங்காம் சோதனைக்கூடத்தின் முத்திரையும், 2.222 அங்குலம், 18.5 டன் என்ற அளவுகளும் இருந்தன. முன்னது தோட்டாக் கூட்டின் நீளம். பின்னது சதுர அங்குலத்துக்கான அழுத்தம். பொதுமக்களுக்கு விற்கப்படும் துப்பாக்கிகளுக்கு இடும் குறி இது. பிஎன்பி என்ற வடிவம் 1950களின் நடுவில்தான் வந்தது. ஆகவே, மிசிசாகாவில் பிறந்த இந்த ரைஃபிள் அட்லாண்டிக்கைக் கடந்து, படைக் கையிருப்பிலிருந்து பிரித்தானியாவில் கழிக்கப்பட்டு, பிறகு எப்போதோ மீண்டும் இந்தக் கரைக்கு வந்திருக்கிறது.

போல்ட்டின் கைப்பிடியில் இருந்த எண் உடலின் எண்ணோடு ஒத்திருந்தது. ஆனால் 4 என்ற இலக்கத்தின் வடிவம் வேறாக இருந்ததால், போல்ட் பிற்பாடு பொருத்தி எண்ணிடப்பட்டது என்றே கருதுகிறேன். போல்ட்டுக்கும் தோட்டாவுக்கும் இடையிலான இடைவெளியைத் தேர்ந்த பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் கொடுத்து அளவுகோலால் பார்க்கச் செய்தேன். சரியாக இருக்கிறது என்றார். பிறகு விற்றவரைத் தொலைபேசியில் அழைத்து 1943 என்ற ஆண்டைச் சொன்னேன். முந்தைய உரிமையாளர் சொன்னதை நம்பித்தான் அப்படிச் சொன்னதாகவும், இனி டியெப் என்று சொல்வதில்லை என்றும் அவர் கூறினார்.